அயல் வளவில் ஒரு குழி

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் படிப்பதில் ஒரு தனிச்சுவை உண்டு. நிலத்தின் பெயர், அதன் பரப்பு, நான்கு எல்லைகள், எல்லைக்கு அப்பாலுள்ளோரின் பெயர்கள், பனைகள், பங்குக் கிணறு, அதற்குச் செல்லும் வழி, நீர் பாயும் வாய்க்கால் ஆகிய யாவும் அவற்றில் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். கிணற்றிலே எட்டிலொரு பங்கு உடையவனுக்கும் அதில் ஓர் இடமுண்டு. ஆயின், அவ்வீட்டின் கழிவு எங்கே போகின்றது என்பதை நான் கண்ட பழைய உறுதி எதுவும் சொன்னதில்லை. தண்ணீர் வரும் வழிக்கு இத்தனை சொற்களைச் செலவிட்ட நம் முன்னோர் அது போகும் வழிக்கு ஒரு சொல்லும் வைக்கவில்லை.

இதனால் விளையும் தொல்லை பல குடும்பங்களுக்குத் தெரிந்ததே. வளவு சீதனமாகப் பிரிக்கப்படும்போது வீடு மூத்தவளுக்கும் அடிவளவு இளையவளுக்கும் போகின்றன. அடிவளவில் முன்னரே வெட்டிய மலக்குழியும் இளையவளின் பங்கில் விழுந்துவிடுகின்றது. சகோதரிகள் அருகருகே வாழுங் காலத்தில் அதனை யார் பொருட்படுத்துவர்? வேலியில் ஒரு பொட்டு இருக்கும். கறியும் கதையும் அதனூடே போய்வரும். பின்னர் ஒரு தலைமுறை கழிகின்றது, போர் வருகின்றது, ஒரு பங்கு வெளிநாட்டிலிருந்து அற்றோணித் தத்துவத்தின் மூலம் விலைப்படுகின்றது. பொட்டு அடைபட்டு மதில் எழுகின்றது. மதிலின் அடியிலே பழைய குழாய் மட்டும் தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றது.

வலிகாமத்தில் எங்கள் தாய்வழி வளவின் கதையும் இதுவே. குழியின் மூடி வெடித்து உட்சுவர் சரியத் தொடங்கியபோதுதான் கேள்வி எழுந்தது. குழி எங்களுடையது, நிலமோ அயலாருடையது. அதனைப் புதுப்பிக்க யாருக்கு உரிமை?

இக்கேள்வி மிகப் பழையது. உரோமச் சட்டத்திலே, ஒருவன் வீட்டுக் கழிவு வாய்க்கால் அயலான் நிலத்தினூடே சென்றால், அதனைத் துப்புரவு செய்வதையும் திருத்துவதையும் வன்முறையால் தடுக்கலாகாது என்று நீதிபதியின் தடையாணை ஒன்று இருந்தது. வேலையால் அயலானுக்குச் சேதம் நேரின் ஈடுசெய்வதாகத் திருத்துபவன் உறுதி கொடுத்தல் வேண்டும். நகரின் சுகாதாரம் இதில் அடங்கியுள்ளது என்பதே அக்காலச் சட்ட அறிஞர் கூறிய காரணம். அந்த உரோமச் சட்டமே ஒல்லாந்தர் வழியாக இந்நாட்டுப் பொதுச் சட்டமாயிற்று என்பது சட்ட மாணவர் அறிந்த செய்தி.

இங்கே அதற்கு மேலும் இரு கட்டளைச் சட்டங்களைப் பார்க்க வேண்டும். அயலான் நிலத்தில் இத்தகைய உரிமையை எழுத்து மூலம் பெறுவதானால் அது நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படல் வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம். எழுத்தின்றியும், பத்தாண்டுகள் இடையறாது, எதிராட்சியாக அனுபவித்திருந்தால் உரிமை பிறக்கும் என்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம். எங்கள் குழிக்கு அறுபது வயது. ஆனால் சகோதரி சகோதரிக்கு அன்போடு விட்டுக்கொடுத்த அனுபவம் எதிராட்சி ஆகுமா? ஆகாது என்று வாதிடவும் இடமுண்டு. உரிமை நிலைபெற்றாலும் பழைய அளவே செல்லும். சிறுகுழி இருந்த இடத்தில் பெருந்தொட்டி கட்டிச் சுமையைக் கூட்ட முடியாது. வழக்காடினால் வெல்லலாம், தோற்கவும் செய்யலாம். எங்கள் பக்கத்து உறவினர் சிலர் வழக்கையே விரும்பினர். காணி வழக்கு நம்மவர்க்குக் கைவந்த கலையல்லவா?

அயல்வீட்டு அம்மையாரோ சட்டம் பேசவில்லை.

“உரிமை இல்லையெண்டு நான் சொல்லேல்லைத் தம்பி. உந்தக் குழிக்கும் என்ரை கிணத்துக்கும் இடையிலை இருபது அடிதான் கிடக்கு. பேரப்பிள்ளைக்குப் பால்மா கரைக்கிற தண்ணி அது.”

அவர் நீட்டிய சோதனைத் தாளில் நைத்திரேற்றின் அளவு, குடிநீருக்கு ஏற்ற மேல்வரம்பாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்து உடலை நீலம் பாரிக்கச் செய்யக்கூடிய பொருள் அது. கொதிக்கவைத்தால் நீங்காது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். தோட்டங்களுக்கு இடும் உரத்திலிருந்தும் நைத்திரேற்று வருவதால் பழி முழுவதும் குழியின் மேலதன்று. எனினும் இருபது அடி என்பது இருபது அடியே.

குடாநாட்டின் நில அமைப்பை நினைக்க வேண்டும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு நமக்கில்லை. மாரியிற் பெய்யும் மழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல் மிதக்கின்றது. நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனாலேயே. மணல் நிலத்தில் கழிவுநீர் மெல்ல வடிந்து ஓரளவு தூய்மையடையும். வெடித்த பாறையில் அதற்கு நேரமில்லை. மாரிகாலத்தில் நீர்மட்டம் உயரும்போது கிணற்று நீரே குழியின் அடியைத் தொட்டுவிடும். அடி திறந்த குழியை நாம் ‘தொட்டி’ என்று அழைத்துவந்தது வெறும் மரியாதைப் பெயர்தான்.

உண்மையான தொட்டியின் தத்துவம் வேறு. இங்கிலாந்தின் எக்செற்றர் நகரில் 1890களில் டொனால்ட் கமரன் அமைத்து அதற்குப் பெயரும் இட்டார். அவருக்கு முன்பே பிரான்சில் மூராஸ் என்பவர் அதைப் போன்றதொன்றைக் கண்டிருந்தார். அடியும் சுவரும் நீர் கசியாதவை. திண்மம் அடியிற் படியும். கொழுப்பு மேலே மிதக்கும். காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் படிந்ததைச் சிதைக்கும். நடுவிலுள்ள தெளிவு மட்டும் வெளியேறும். அத்தெளிவும் தூய நீரன்று என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

மேசனார் சொன்ன எளிய வழி, அதே இடத்தில் கொங்கிறீற்று வளையங்களை இறக்குவது. பாதிச் செலவு. நான் இணங்கவில்லை. எங்கள் பக்கத்தில் மூன்றடிக்குக் கீழே பாறை. அலவாங்கு பிடித்தவர்கள் இரண்டு நாளில் கைவிட, இயந்திரம் வந்தது. மலசலகூடத்துக்கு அருகிலேயே ஈரறைத் தொட்டி கட்டி உட்புறம் சீமெந்து பூசினோம். தெளிவு நீரை ஒரு சிறு குழாயால் முன்முற்றத்துக்குக் கொண்டுவந்து, அடி அடைத்த ஆழமற்ற சல்லிப் பாத்தியிலே கல்வாழை நட்டோம். இரு கிணறுகளிலிருந்தும் ஐம்பது அடிக்குக் குறையாத இடம் வளவில் அது ஒன்றுதான். “முத்தத்திலையோ உதைக் கொண்டுவந்து வைக்கிறது?” என்று சின்னம்மா மூன்று நாள் முகங் கொடுத்துப் பேசவில்லை. அவருக்குத் தெரிந்த சாத்திரத்தில் கழிவுக்குரிய திசை அடிவளவே.

பழைய குழியை மூடுவதற்கு அம்மையார் மதிலில் நான்கடியை உடைக்க அனுமதி தந்தார். பவுசர் வண்டி உறிஞ்சியது. உள்ளே எவரையும் இறங்க விடவில்லை. அத்தகைய குழிகளிலுள்ள நச்சுவாயு ஒருவரையும் அவரை மீட்க இறங்குபவரையும் சேர்த்துக் கொல்லும். மேல்வளையத்தை உடைத்து, சுண்ணாம்பு தூவி, கல்லும் மண்ணும் இட்டு நிரப்பினோம். செலவு எங்களுடையது.

குழிமீதான எவ்வுரிமையையும் கைவிடுவதாக எழுதிக்கொடுக்க நொத்தாரிசிடம் சென்றோம். அவர் ‘மலக்குழி’ என்று எழுதக் கூசி, நெடுநேரம் யோசித்து, ‘கழிவுநீர் அமைப்பு’ என எழுதினார். அம்மையார் அதனை வாசித்துவிட்டு, “குழியெண்டே போடுங்கோ, பிறகு வாறவைக்கு விளங்க வேணும்” என்றார். அவ்வாறே திருத்தப்பட்டது.

கிணறு உடனே தெளியப் போவதில்லை. பாறையில் ஊறியது கழுவுண்ணச் சில மாரிகள் வேண்டும். அதுவரை குழந்தைக்கு வேறிடத்து நீர் வருகின்றது. அடுத்த தை மாதம் இரு கிணறுகளின் நீரையும் ஒருங்கே சோதனைக்கு அனுப்புவதாக முடிவு செய்திருக்கின்றோம்.