தடைக்காலத்திலும் மீன் உண்டு: ஒரே படத்தில் சொல்வது எப்படி?

“தடைக்காலமாச்சே, மீன் இருக்கா?” ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நொச்சிக்குப்பத்தில் மீன் விற்பவர்களுக்கு இந்தக் கேள்வி வியாபாரத்தையே பாதிக்கும். அந்த 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான். ஃபைபர் படகுகள் கடலுக்குப் போகலாம். இதை நாலு பத்தியில் விளக்கினால் படிக்க ஆள் குறைவு. கேன்வா போன்ற செயலியில் படமாக்கினால் பார்த்ததும் புரியும்.

முதல் விதி, ஒரு படத்துக்கு ஒரு சேதி. ‘நம்ம ஃபைபர் படகு போகுது, மீன் இருக்கு’ என்று பெரிதாக மேலே. தடைத் தேதிகள் சிறிதாகக் கீழே. போதும்.

அடுத்து எழுத்துரு. தமிழ் இல்லாத எழுத்துருவைத் தேர்ந்தால் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வரலாம். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த ‘கேட்டமரான்’ (நம்ம கட்டுமரம்தான்!) 9 தடிமன்களில் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கிறது. தலைப்புக்குத் தடித்தது, தேதிக்கு மெல்லியது எனப் பிரித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, படத்துக்குள் இருக்கும் எழுத்து தேடலில் எளிதில் சிக்காது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் அதைப் பெரும்பாலும் தவறவிடும். அதே வரியைப் படத்தின் கீழேயும் தட்டச்சு செய்துவிடுங்கள். சேதி எல்லோருக்கும் போய்ச் சேரும்.