வலிக்காத பக்கவிளைவு

குறட்டை விட்டால் ஆழ்ந்த தூக்கம் என்று நம்பும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. ஆனால் அது ஒரு நோயின் அடையாளமாகவும் இருக்கலாம். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கும்போது வருவதுதான் ஸ்லீப் ஆப்னியா என்கிற உறக்க மூச்சுத்தடை. மணிக்கு 15 தடவைக்கு மேல் மூச்சு தடைபட்டால் நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கடுமை. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபேப் இயந்திரம்தான் இதற்கு முதன்மையான சிகிச்சை. அதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்களுக்குப் பல் மருத்துவர் அளவெடுத்து ஒரு வாய்க் கருவி செய்து தருவார். மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று என இரண்டு பிளாஸ்டிக் உறைகள். இரண்டும் பொருந்தும்போது கீழ்த்தாடை சில மில்லிமீட்டர் முன்னே வந்து நிற்கும். தாடையோடு நாக்கும் முன்னே வர, தொண்டை திறக்கும்.

முதல் வாரங்களில் எழும் புகார்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. எச்சில் ஊறித் தலையணை நனையும். சிலருக்கு நேர்மாறாக வாய் வறளும். காதுக்கு முன்னால் தாடை மூட்டு வலிக்கும், பற்கள் கூசும். காலையில் கருவியைக் கழற்றியதும் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று சேராமல் இட்லியை மெல்லக்கூடச் சிரமமாக இருக்கும். பெரும்பாலும் இவை சில வாரங்களில் தணிந்துவிடும். தணியாவிட்டால் தாடையை முன்னே தள்ளியிருக்கும் அளவைக் கொஞ்சம் குறைத்தால் போதும். நோயாளியும் மருத்துவரும் அதிகம் பேசுவது இந்தத் தொல்லைகளைப் பற்றித்தான், ஏனென்றால் இவை வலிக்கின்றன. ஆனால் நாம் உண்மையில் கண்காணிக்க வேண்டிய பக்கவிளைவு வலிப்பதே இல்லை. பற்கள் சத்தமில்லாமல் இடம் மாறுவதுதான் அது.

இதைக் கருவியின் குறை என்று சொல்வது சரியல்ல, அது வேலை செய்யும் விதமே இப்படித்தான். முன்னே இழுத்து வைத்த கீழ்த்தாடை இரவு முழுக்கத் தன் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுவையைத் தாங்குபவை பற்கள். மேல் முன்பற்கள் உள்பக்கமாகவும் கீழ் முன்பற்கள் வெளிப்பக்கமாகவும் தள்ளப்படுகின்றன. மென்மையான விசையை நீண்ட நேரம் கொடுத்தால் பல் நகரும் என்பதை நம்பித்தானே பிள்ளைகளுக்குக் கிளிப் போடுகிறோம்? கனடாவின் வான்கூவரில், சராசரியாக 11 ஆண்டுகள் இக்கருவியைப் பயன்படுத்திய 77 பேரை ஆராய்ந்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மேல் முன்பற்கள் கீழ்ப் பற்களுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இடைவெளி சராசரியாக 1.9 மில்லிமீட்டர் சுருங்கியிருந்தது. மேல்பல் கீழ்ப்பல்லை மூடும் ஆழம் 2.3 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. கேட்கச் சிறிய எண்கள்தான். ஆனால் சாதாரண வாயில் அந்த இடைவெளியே 2, 3 மில்லிமீட்டர்தான். சம்புடத்தின் மூடிபோலக் கீழ்வரிசையைக் கவிந்திருந்த மேல்வரிசை, நுனியோடு நுனி முட்டும் நிலைக்கு வந்துவிடலாம். முன்னே இப்படி முட்டினால் பின்னே கடைவாயில் இடைவெளி விழும். மாற்றம் தினமும் துளித்துளியாக நடப்பதால் பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

அப்படியானால் சிபேப்பையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பது நியாயம்தான். மூச்சுத்தடையைக் குறைப்பதில் அதுவே வலியது. 2013-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் இரண்டு சிகிச்சைகளையும் ஒரே நோயாளிகள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். சிபேப்பில் மூச்சுத்தடை மணிக்குச் சுமார் 4.5 ஆக இறங்கியது, வாய்க் கருவியில் சுமார் 11. ஆனால் சிபேப்பை இரவுக்கு 5.2 மணி நேரம் அணிந்தவர்கள் வாய்க் கருவியை 6.5 மணி நேரம் அணிந்தார்கள். பகல் தூக்கக் கலக்கம் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. அலமாரியில் கிடக்கும் இயந்திரம் யாருடைய தொண்டையையும் திறக்காது. சிபேப் முகமூடியும் பல்லைத் தொடாமல் விடுவதில்லை. மூக்கின் மேல் ஆண்டுக்கணக்கில் அழுந்தும்போது அதுவும் மேல் முன்பற்களைச் சற்று உள்ளே தள்ளுவதாக ஜப்பானிய ஆய்வு காட்டியிருக்கிறது. இன்னொரு கேள்வியும் வரும். மூச்சையே காப்பாற்றும்போது 2 மில்லிமீட்டர் பல்லுக்காகக் கவலைப்படுவதா? பெரும்பாலானோருக்கு இது ஏற்கத்தக்க விலைதான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலை என்னவென்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கருவியை நிறுத்தினாலும் நகர்ந்த பல் முழுதாகத் திரும்பும் என்று நம்ப முடியாது.

அதனால்தான் வெந்நீரில் போட்டு மிருதுவாக்கிக் கடித்துக்கொள்ளும் கருவியை இணையத்தில் வாங்குவது எனக்குக் கவலை தருகிறது. அது மலிவு என்பது உண்மை. ஆனால் ஈறு தளர்ந்து பல் ஆடுகிறதா, பிடிமானத்துக்குப் போதிய பற்கள் உள்ளனவா, தாடை மூட்டு ஏற்கெனவே பழுதா என்று பார்க்க அங்கே யாரும் இல்லை. குறட்டை நின்றுபோய் மூச்சுத்தடை மட்டும் நீடிக்கிறதா என்பதும் தெரியாது, அதைக் கண்டறிய கருவியோடு மறுபடியும் உறக்கப் பரிசோதனை செய்துதான் ஆக வேண்டும். அமெரிக்க உறக்க மருத்துவ அமைப்புகள் 2015-இல் தந்த வழிகாட்டுதலும் தனியாக அளவெடுத்த, முன்பின் நகர்த்தக்கூடிய கருவியையும், பல் மருத்துவரின் தொடர் கண்காணிப்பையுமே வலியுறுத்துகிறது. காலையில் சில நிமிடங்கள் கடித்துத் தாடையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும் சிறு கட்டையும் பல மருத்துவர்கள் தருகிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று, முதல் நாளே எடுத்து வைத்த பல் அச்சு. 5 ஆண்டு கழித்து வாயில் எது நகர்ந்தது, எவ்வளவு நகர்ந்தது என்று ஒப்பிட வேறு சாட்சி கிடையாது.