வெல்டிங்காரருக்கு எந்தப் பிளக்?

சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வீடுகளில் உறவினர் வந்து இறங்குமுன் இற்றுப் போன வாசல் கேட்டைச் சரி செய்தாக வேண்டுமே! வெல்டிங்காரர் வந்து, "ஒரு பிளக் காட்டுங்கம்மா" என்பார். மிக்ஸிக்குப் போட்டிருக்கும் 6 ஆம்பியர் பிளக்கைக் காட்டி விடாதீர்கள். ஒயர் சூடேறி உருகிவிடும். சின்ன இயந்திரமானாலும் 16 ஆம்பியர் பிளக்தான் சரி.

மூன்று முள்ளில் தடித்து நீண்டிருப்பது எர்த் முள். மற்ற இரண்டுக்கும் முன்னால் போய்ச் சேரவே அந்த நீளம். சிலர் பிளக்கே இல்லாமல் மொட்டை ஒயரைத் தீக்குச்சி வைத்துச் செருகுவார்கள். எர்த் இல்லாத இயந்திரத்தில் மின்சாரம் கசிந்தால், தொட்டவர் உடம்பு வழியாகத்தான் தரைக்கு இறங்கும். வாசல் தெளித்த ஈரம் வேறு!

சுருட்டிய ஒயரை முழுக்கப் பிரிக்கச் சொல்லுங்கள். கசிவு கண்டால் மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஸ்விட்ச் வீட்டில் உண்டல்லவா? அதன் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தினால் பட்டென்று விழ வேண்டும். விழவில்லையா? வெல்டிங்காரருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.