விநாடியை அளக்கும் கடிகாரம்

பொருநை பாயும் நெல்லை நகரில் ஆனித் திங்களில் நெல்லையப்பர் தேர் அசைந்து வரும். அத்தேரை இழுப்போர் கடிகாரத்தை நோக்குவதில்லை. தென்பாண்டி ஊர்களில் நடைபெறும் மாட்டுவண்டிப் பந்தயத்திலும், எல்லையை முதலில் எட்டிய வண்டியைக் கண்ணே கண்டுகொள்ளும். மோட்டார்ப் பந்தயமோ அத்தகையதன்று. மணிக்கு 120 கிலோமீட்டர் விரையும் கார், ஒரு விநாடியின் ஐந்தில் ஒரு பங்கிற்குள் ஆறரை மீட்டருக்கு மேல் கடந்துவிடும். இத்தகைய நுண்ணிய காலத்தை அளக்க உதவுவதே குரோனோகிராஃப் என்னும் கடிகாரம்.

1821ஆம் ஆண்டில் பாரிசு நகரக் குதிரைப் பந்தயத்தில், ரியூசெக் என்பவர் முகப்பில் மைத்துளி இட்டுக் காலத்தைக் குறிக்கும் கருவியைப் பயன்படுத்தினார். பிற்காலக் கைக்கடிகாரத்தில் மைக்கு வேலையில்லை. விளிம்பிலுள்ள பொத்தானை அழுத்தியதும், ஓடிக்கொண்டிருக்கும் பற்சக்கரத்தோடு வேறொரு சக்கரம் இணையும். நடுவிலுள்ள நீண்ட முள் ஓடத் தொடங்கும். மீண்டும் அழுத்தினால் முள் நிற்கும். மற்றொரு பொத்தான் அதனைத் தொடங்கிய இடத்திற்கே திருப்பும்.

முகப்பைச் சூழ்ந்த டாக்கிமீட்டர் என்னும் அளவுகோல் வேகத்தையும் உரைக்கும். நெல்லையிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில், ஒரு கிலோமீட்டர்க் கல்லிலிருந்து அடுத்த கல்லை அடைய 60 விநாடி ஆயின், முள் 60 என்னும் எண்ணில் நிற்கும். 30 விநாடி ஆயின், 120இல் நிற்கும். 3,600ஐ விநாடிகளால் வகுக்கும் கணக்கே அதில் அடங்கியுள்ளது.

தமிழகத்தில் மோட்டார்ப் பந்தயம் வளர்ந்த களம் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமே அங்குப் பந்தயப் பாதையாயிற்று. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை திறக்கப்பெற்றது. இன்று மின்னணுக் கருவிகள் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கையும் அளக்கின்றன. எனவே பழைய குரோனோகிராஃப் தன் பணியினின்று ஓய்வு பெற்று, சேகரிப்போரின் செல்வமாயிற்று.

செல்வம் உள்ள இடத்தில் பொய்யும் புகும். பந்தயத்தின் பெயரைத் தாங்கியது எல்லாம் பந்தயம் கண்டதன்று. ஹாயர் நிறுவனத்தின் 'கரேரா' 1963இல் வெளிவந்தது. அப்பெயரைத் தந்த மெக்சிகோ நாட்டுப் பந்தயமோ 1954ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஒமேகாவின் 'ஸ்பீட்மாஸ்டர்' 1957இல் பந்தய வீரர்களுக்கென்றே அமைந்தது. ஆயினும் 1969இல் நிலவுக்குச் சென்றே பெரும்புகழ் எய்தியது. பழைய பொறியில் புது முகப்பைப் பொருத்தி, வீரர் அணிந்தது என விற்பாரும் உளர். ஆதலின் அறிவுடையோர், கதையைக் கேட்டு மயங்காது, கடிகாரத்தில் பொறித்த எண்ணையும், செய்தோரின் பதிவேட்டையும், அக்கால ஒளிப்படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தே உண்மை காண்பர். விநாடியைப் பிழையின்றி அளக்கப் பிறந்த கருவியின் வரலாற்றையும் பிழையின்றி அளத்தல்தானே முறை!