குப்பை கொட்ட இருந்த பள்ளத்தில் முதலைகளும் ஒரு 'இடா'வும்: மெசெல் புதைபடிவங்கள் சொல்வது என்ன?

2009 மே மாதம். கூகுள் முகப்புப் பக்கத்திலேயே ஒரு எலும்புக்கூட்டின் படம். 'மனிதப் பரிணாமத்தின் விடுபட்ட கண்ணி கிடைத்துவிட்டது' என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்திகள். நியூயார்க்கில் நடந்த அறிமுக விழாவில் மேயரே கலந்துகொண்டார். டிவி ஆவணப்படமும் புத்தகமும் ரெடியாக இருந்தன. ஆனா, அடுத்த ஐந்தே மாதத்தில் கதை மாறியது.

அந்த எலும்புக்கூட்டின் பெயர் இடா. அறிவியல் பெயர் டார்வினியஸ் மசில்லே. வயது சுமார் 4.7 கோடி ஆண்டுகள். கிடைத்த இடம், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகருக்குப் பக்கத்தில் உள்ள மெசெல் பள்ளம்.

அப்படி என்ன இருக்கு அங்கே?

ஒரு காலத்தில் எரிமலை வெடித்து உருவான ஆழமான ஏரி அது. சுற்றிலும் வெப்பமண்டலக் காடு. ஏரியின் அடியில் ஆக்சிஜன் கிடையாது. விழுந்து மூழ்கிய விலங்கு மெதுவாகவே அழுகியது, மேலே நுண்ணிய சேறு படிந்தது. அதனால்தான் எலும்பு மட்டுமல்ல, சில விலங்குகளில் ரோமத்தின் அச்சும் வயிற்றில் இருந்த கடைசிச் சாப்பாடும்கூட மிஞ்சியிருக்கின்றன. பூச்சியை விழுங்கிய பல்லி, அந்தப் பல்லியை விழுங்கிய பாம்பு என மூன்றும் ஒரே படிவத்தில் கிடைத்திருக்கின்றன!

இங்கே முதலில் பதிவான புதைபடிவமே முதலை இனத்துடையதுதான், 1870-களில். பிறகு வகை வகையாக வந்தன. அலிகேட்டர்களின் உறவான சிறிய டிப்ளோசைனோடன், நான்கு மீட்டர் வரை வளர்ந்த ஆசியாட்டோசூகஸ், கால் விரல் நுனிகள் குளம்பு போல இருந்த போவெரிசூகஸ். கடைசியாகச் சொன்னது தரையிலும் ஓடி வேட்டையாடியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். குளம்பு வைத்த முதலை! கற்பனை பண்ணிப் பாருங்க.

இவ்வளவும் கிடைத்த பள்ளம் குப்பைக் கிடங்காகியிருக்கும் என்பதுதான் வேதனை. எண்ணெய் எடுப்பதற்காக வெட்டப்பட்ட சுரங்கம் அது. 1971-ல் வேலை நின்றதும், பள்ளத்தைக் குப்பையால் நிரப்பத் திட்டம் போட்டார்கள். விஞ்ஞானிகளும் உள்ளூர் மக்களும் பல ஆண்டுகள் போராடினார்கள். 1991-ல் ஹெஸ்ஸே மாநில அரசு இடத்தை வாங்கியது, 1995-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது.

இடா வெளியே வந்தது 1983-ல், அந்த இழுபறிக் காலத்தில். எடுத்தவர்கள் தனியார் சேகரிப்பாளர்கள். இரண்டு பலகைகளாகப் பிளந்த படிவத்தின் ஒரு பாதி, போலியாகச் சில பாகங்கள் சேர்க்கப்பட்டு அமெரிக்காவுக்கு விற்பனையானது. நல்ல பாதியோ இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவரது வீட்டுச் சேகரிப்பில் கிடந்தது. பின்னர் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் யோர்ன் ஹூரும் அதை வாங்கி, தன் மகளின் பெயரையே செல்லப் பெயராக வைத்தார்.

இடா ஒரு குட்டிப் பெண், ஒரு வயதுகூட ஆகவில்லை. மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறிவந்த அடையாளம் இருக்கிறது. கடைசியாகச் சாப்பிட்டது பழமும் இலையும். எலும்புக்கூட்டில் 95 சதவீதம் அப்படியே இருக்கிறது. இந்தக் காலத்துப் பிரைமேட் படிவங்கள் பெரும்பாலும் ஒரு பல், ஒரு தாடைத் துண்டு என்றுதான் கிடைக்கும்.

அப்போ, நம் மூதாதையா?

குரங்கு, மனிதன் அடங்கிய கிளையோடு இடாவுக்கு நெருக்கம் என்றது ஹூரும் குழு. 2009 அக்டோபரில் எரிக் சைஃபர்ட் குழு, எகிப்தில் கிடைத்த அஃப்ராடாபிஸ் என்ற படிவத்தையும் இடாவையும் நூற்றுக்கும் அதிகமான பிரைமேட்களோடு ஒப்பிட்டது. விடை: இடா லெமூர்களின் பக்கத்துக் கிளை. குரங்குகளைப் போலத் தெரிந்த அம்சங்கள் தனியாக உருவானவை. இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் நிலைப்பாடும் இதுதான்.

(அன்றைய தலைப்புச் செய்தி அளவுக்கு இந்தத் திருத்தம் ஓடவில்லை. எங்கள் தொழிலின் வியாதி இது.)

இடா இப்போது ஓஸ்லோ பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் சொத்து. மெசெலில் தோண்டும் பணி இன்னும் தொடர்கிறது. அங்கே கிடைக்கும் பாறை ஈரம் காய்ந்தால் வெடித்துத் தூளாகிவிடும் என்பதால், படிவத்தை எடுத்ததும் ஈரமாகவே வைத்திருந்து பிசின் ஊற்றித்தான் காப்பாற்றுகிறார்கள்.