நஞ்சுக்கொடியில் படியும் சுண்ணம்

புனே நகரின் கிழக்கே, ஹடப்சரை அடுத்துள்ளது மகர்பட்டா. உழவர் குடும்பங்கள் தம் வயல்களை ஒன்றுசேர்த்து, ஏறத்தாழ 400 ஏக்கரில், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய நகர் அது. அங்குள்ள கணிப்பொறி நிறுவனங்களை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. அத்தகைய வீடொன்றில் வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லப் பெட்டி கட்டும் வேளையில், ஸ்கேன் சீட்டில் ஒரு வரி கண்ணில் படுகிறது: ‘நஞ்சுக்கொடி மூன்றாம் தரம், சுண்ணப் படிவுகள் காணப்படுகின்றன.’ அன்றிரவே செய்தி தொலைபேசி வழியே ஊருக்குப் போகிறது. ‘நஞ்சு முற்றிவிட்டதாம்’ என்று அங்கே கலங்குகிறார்கள். கால்சியம் மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்கிறார் ஒருவர். நாளைக்கே அறுவை செய்து பிள்ளையை எடுத்துவிடச் சொல்கிறார் மற்றொருவர். இரண்டும் தவறான யோசனைகள். ஏன் என்பதை இங்கே விளக்க முற்படுகிறோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். மராட்டியர் இவ்வுறுப்பை ‘வார்’ என்பர். நாமோ ‘நஞ்சு’ என்று பெயரிட்டுவிட்டோம். பிரசவத்திற்குப் பின் இது வெளிவராது தங்கினால் தாயின் உயிருக்கே ஆபத்து என்ற அனுபவம் அப்பெயருக்குக் காரணமாயிருக்கலாம். ஆயினும் கருப்பையில் உள்ளவரை இதைவிட அமுதமான உறுப்பு வேறில்லை. நிறைமாதத்தில் சுமார் அரைக் கிலோ எடையுள்ள இத்தட்டு, தாயின் இரத்தத்திலிருந்து உயிர்வளியையும் உணவையும் எடுத்துக் கொடுத்து, குழந்தையின் கழிவுகளைத் திருப்பி அனுப்புகிறது. தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் மெல்லிய திரையின் இருபுறமும் ஓடுகின்றனவேயன்றி ஒன்றோடொன்று கலப்பதில்லை.

கர்ப்பம் முதிருங்கால், இத்தட்டின் மடல்களுக்கு இடையேயுள்ள தடுப்புகளிலும், கருப்பையை ஒட்டிய அடிப்புறத்திலும் கால்சியம் உப்புகள் சிறு சிறு துகள்களாகப் படிகின்றன. ஸ்கேன் திரையில் அவை வெண்புள்ளிகளாகத் தெரியும். 1979இல் அமெரிக்காவில் கிரானம் என்பவரும் அவருடைய தோழர்களும் இத்தோற்றத்தைப் பூச்சியம் முதல் மூன்று வரை தரம் பிரித்தனர். சுண்ணம் மடல்களைச் சுற்றி வளையமிட்டாற்போல் தோன்றுவது மூன்றாம் தரம். குழந்தையின் நுரையீரல் முதிர்ந்துவிட்டதா என்பதை ஊசியிட்டு நீரெடுக்காமலே அறிய முடியுமா என்பதே அன்று அவர்கள் தேடிய விடை. அதற்கு இத்தரத்தை முற்றிலும் நம்ப இயலாது என்பது பின்னர்த் தெரிந்தது. தர எண் மட்டும் சீட்டுகளில் நிலைத்துவிட்டது. நிறைமாதத்தில் நலமான கர்ப்பங்கள் பலவற்றிலும் இம்மூன்றாம் தரத்தைக் காண்கிறோம். ஒரே படத்தை இரு மருத்துவர்கள் இரு தரமாகக் கூறுவதும் உண்டு.

அப்படியானால் நஞ்சுக்கொடி முதுமை அடைகிறதா? 1997இல் ஆங்கில நோய்க்கூற்றியல் அறிஞர் ஹெரால்டு ஃபாக்ஸ், இதற்கு முதுமை என்ற சொல்லே பொருந்தாது, நிறைமாதம் வரை இதன் வளர்ச்சி நிற்பதில்லை என்று வாதிட்டார். 2017இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோ, காலம் கடந்த கர்ப்பங்களின் நஞ்சுக்கொடியில் முதுமைக்குரிய வேதிக் குறிகளைக் கண்டதாக அறிவித்தனர். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் சுண்ணப் புள்ளியும் முதுமையும் ஒன்றல்ல என்பதில் நமக்கு ஐயமில்லை.

உண்மையில் கவலைக்குரியது நஞ்சுக்கொடியின் திறனே. இதற்குப் புனேயிலேயே சான்று உண்டு. 1993இல் அந்நகரின் கே.ஈ.எம். மருத்துவமனையினர் அண்டைக் கிராமங்கள் ஆறில் தாய்மாரின் ஊட்டத்தை ஆராயத் தொடங்கினர். நடுக்கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியின் பருமனை ஸ்கேன் மூலம் அளந்த அவர்கள், அது சிறுத்திருந்தால் பிறக்கும் குழந்தையின் எடையும் குறைவதை 2000இல் வெளியிட்டனர். கருவுறுமுன் தாய்க்கிருந்த எடையோடும் அப்பருமன் தொடர்புற்றிருந்தது. எட்டாம் மாதத்துப் புள்ளிகளை எண்ணிக் கலங்கும் நாம், இரண்டாண்டுக்கு முன் அப்பெண் என்ன உண்டாள் என்று கேட்பதில்லை!

மாத்திரைக்கு வருவோம். உண்ணும் கால்சியமோ, வெற்றிலையில் தடவும் சுண்ணாம்போ நேரே சென்று நஞ்சுக்கொடியில் படிகிறது என்பதற்கு ஆதாரமில்லை. பதினான்காம் வாரம் முதல் நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் வீதம் இருமுறை கால்சியம் கொடுக்க வேண்டும் என்பது 2014இல் மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த நெறி. கால்சியம் குறைவாக உண்போர்க்கு இது கர்ப்பகால இரத்த அழுத்த நோயைக் குறைக்கிறது. மாத்திரையை நிறுத்துவோர் இக்காப்பை இழக்கின்றனர். விடவேண்டியது புகையிலை. புகைப்பிடிப்போரிடம் இச்சுண்ணப் படிவு மிகுதி. வாயிலிடும் புகையிலையும் தீங்கற்றதன்று. மும்பையில் 1217 பெண்களை ஆராய்ந்து 2004இல் வெளியான ஆய்வு, அதனால் குழந்தையின் எடை சராசரி 105 கிராம் குறைவதைக் காட்டியது.

36 வாரத்திற்கு முன்பே, குறிப்பாக 32 வாரத்திற்கு முன்பே, மூன்றாம் தரம் தென்பட்டால் கதை வேறு. அப்போது மருத்துவர் தாயின் இரத்த அழுத்தத்தையும், குழந்தையின் வளர்ச்சியையும், பனிக்குட நீரின் அளவையும், டாப்ளர் முறையில் தொப்புள்கொடியின் இரத்த ஓட்டத்தையும் சோதிப்பார். பிரசவத்தை முன்கூட்டி நடத்துவதா என்பதை இவையே முடிவு செய்யும். தர எண் தனித்து நின்று முடிவு செய்யாது. குழந்தையின் அசைவு வழக்கத்தினும் குறைந்தாலோ, கடுந்தலைவலியும் பார்வை மங்கலும் கண்டாலோ, சீட்டில் எந்தத் தரம் எழுதியிருந்தாலும் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும்.

ஊருக்குப் புறப்படுவோர் கடைசிச் சீட்டை மட்டும் எடுத்துச் செல்வதைப் பார்க்கிறோம். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் சீட்டே அவற்றுள் முதன்மையானது. கர்ப்பத்தின் வாரக் கணக்கை அதுவே திருத்தமாகக் காட்டும். அக்கணக்கு தெரியாவிடில், மூன்றாம் தரம் முன்கூட்டி வந்ததா, உரிய காலத்தில் வந்ததா என்பதை ஊர் மருத்துவர் எங்ஙனம் அறிவார்? இரத்த அழுத்தக் குறிப்புகளையும் மற்ற ஸ்கேன் சீட்டுகளையும் தேதி வாரியாக அடுக்கி, இரயிலில் கைப்பையிலேயே வைத்துக்கொள்க. பெரிய பெட்டியின் அடியில் வேண்டாம்.