சொல்லும் நோக்கமும்

சட்டத்தின் சொல்லளவில் நிற்பது ழாஹிரிய்யாக்களின் நெறி. ஹிஜ்ரி 790இல் மறைந்த இமாம் ஷாத்திபியோ ஷரீஅத்தின் நோக்கங்களை விரித்துரைத்தார்.

நம் விருதுநகர் மாவட்டச் சிவகாசியின் குழந்தை உழைப்பு குறித்த எம்.சி. மேத்தா வழக்கை இங்கு நினைவுகூர்வோம். அரசியல் சாசனத்தின் 24ஆம் பிரிவு, 14 வயதுக்குட்பட்டோரைத் தொழிற்சாலையில் அமர்த்துவதைத் தடுக்கிறது. சொல்லோடு நின்றால், குழந்தையை வெளியேற்றியதும் கடமை முடிந்தது. ஆனால் வறுமை அக்குழந்தையை மீண்டும் அங்கேயே தள்ளும். எனவே 1996இல் உச்ச நீதிமன்றம், வேலைக்கு அமர்த்தியவர் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்தவும், குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு அரசு வேலைக்கு வழிசெய்யவும், இயலாதபோது அந்நிதிக்கு 5,000 ரூபாய் அளிக்கவும் பணித்தது.

ஒரு தீங்கை அதற்கு நிகரான தீங்கினால் அகற்றலாகாது என்பது ஃபிக்ஹின் பொதுவிதி. பணியிலிருந்து மீட்ட பிள்ளையைப் பசியிடம் ஒப்படைப்பது மீட்பாகுமா? நோக்கத்தை நாடும் நெறியின் தேவை இங்கேதான் புலனாகிறது.